குறை சொல்வதற்கில்லை

ஃப்ளிண்டர்ஸ் தீவு
14 மார்ச் 1994

நொரீன்,

அப்பாவின் கல்லறைக் கல் படகில் வந்து இறங்கிவிட்டது. ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை நடுகிறோம். மகளுக்குச் சொல்ல வேண்டியது முறை. சொல்லிவிட்டேன்.

கல்லறை மேடு இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஏற முடிந்தால் வா. வழியில் உட்காருவதற்கு மேபல் பாப்ஜாயின் கல்லறைக் கல்லை இந்த முறை தர முடியாதாம். அவள் புருஷன் பெர்ஸ் சொல்லச் சொன்னார்.

க்ளாரி


லான்செஸ்டன்
21 மார்ச் 1994

அன்புள்ள க்ளாரி,

இரண்டு வருஷம் கழித்து உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் பயந்துபோனேன். அண்ணன் செத்துப்போய், யாரோ அவன் பேனாவாலேயே தகவல் எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். படித்ததும் நிம்மதி. இவ்வளவு விஷத்தை ஏழெட்டு வரிக்குள் அடக்க உயிரோடிருக்கிற மனிதனால்தான் முடியும்.

போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். நான் கூப்பிட்டால் நீ என்ன செய்கிறாய்? என் குரல் கேட்டதும் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு நாய்க்குச் சோறு போடப் போய்விடுகிறாய். போன கிறிஸ்துமஸுக்கு உன் சமையலறைக் கடிகாரத்தோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். உன்னைவிட மரியாதையான கடிகாரம். ஆகையால் கடிதம். இதை மேசைமேல் போட்டுவிட்டுப் போனாலும் நீ திரும்பி வரும்போது அங்கேயேதான் கிடக்கும்.

அப்பாவின் சவப்பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் ஒரு கைப்பிடி வேண்டும் என்று நான்தான் சண்டை போட்டு வாங்கினேன், மறுக்கவில்லை. "பொம்பளைங்க பெட்டி தூக்குறது இங்க வழக்கமில்ல"ன்னு நீ சொன்னாய். "அப்பா என்கிட்ட கேட்டுக்கிட்டாரு"ன்னு நான் சொன்னேன். பாதி மேட்டில் என் கை விட்டுப்போயிற்று. பெட்டி சாய்ந்து, நீங்கள் ஐந்து பேரும் குடிகாரர்கள் மாதிரித் தள்ளாடி, கடைசியில் அப்பாவை ஈரப் புல்லில் இறக்கி வைக்கும்படி ஆயிற்று. நான் மேபலின் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். பாதிரியார் ஓடி வந்து "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, அப்பாதான் கொஞ்சம் ஓய்வு கேட்டாரு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்குகளிலேயே படுதோல்வி அதுதான். கல்லறை வாசலில் வைத்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அப்பன் சாவையும் விளையாட்டாக்கிட்டேல்ல." அதோடு உன் வாய் மூடியது.

இப்போது கேள். எனக்கு மூச்சு வாங்குகிறது. நெடுநாளாகவே. எங்கள் டாக்டர் முல்காஹி முதலில் ஆஸ்துமா என்று வாயில் அடிக்கிற குப்பி கொடுத்தார். பிறகு மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார். அது நின்றும் மூச்சு வாங்கியது. அப்புறம் எடை என்றார். எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போனால் மனப்பதற்றம் என்றார். அவர் சொல்லாத வியாதி இனி பிரசவம் ஒன்றுதான்.

அதனால் மேட்டுக்கு வரவில்லை. மேபலுக்கு என்னால் தொந்தரவு இருக்காது என்று பெர்ஸிடம் சொல்லிவிடு.

நொரீன்


ஃப்ளிண்டர்ஸ் தீவு
12 ஏப்ரல் 1994

நொரீன்,

கல் நட்டாயிற்று. கோணாமல் நிற்கிறது. நீ வராததை எல்லோரும் கவனித்தார்கள். சிலர் வாய்விட்டும் கேட்டார்கள்.

மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போய்ச் சொல். எனக்கு எழுதி என்ன பயன்? நான் ஆட்டுக்குத்தான் ஊசி போடுவேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இது வயசினால் வந்தது என்று கதை விடாதே. நீ சின்னதிலிருந்தே உட்காருகிறவள்.

க்ளாரி


லான்செஸ்டன்
9 மே 1994

அன்புள்ள க்ளாரி,

உன் உத்தரவுப்படி டாக்டரிடம் போனேன். என்ன நடந்தது என்று அப்படியே எழுதுகிறேன்.

முல்காஹியின் வரவேற்பறையில் போன ஆட்சிக் காலத்துப் பத்திரிகைகள். எதிரே அவர் மனைவியின் நாய். அதற்கும் எடை கூடுதல்தான், அதை யாரும் எதுவும் சொல்வதில்லை. உள்ளே போனேன். முல்காஹி இப்போது காதுக்கு மேலிருக்கிற மயிரை வளர்த்து உச்சந்தலைக்கு அனுப்பிவைக்கிறார். அதைப் பார்க்காமல் பேசுவதே பெரிய வேலை.

"எப்படி இருக்கீங்க நொரீன்?"

"குறை சொல்றதுக்கில்ல டாக்டர்."

நான் சொல்லவில்லை க்ளாரி. வாய் சொன்னது. தீவில் பிறந்த எவனுக்கும் எவளுக்கும் இந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. மாடு முட்டி விலா எலும்பு நொறுங்கிக் கிடந்தபோது அப்பா என்ன சொன்னார்? அதைத்தான். மேபலை ஆஸ்பத்திரி விமானத்தில் ஏற்றும்போது, பைலட் "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன கடைசி வார்த்தையும் அதுதான்.

முல்காஹி பேனாவை எடுத்து எழுதினார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடை வேலையில் பிள்ளைகள் நீட்டும் சீட்டுகளை ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து படித்துப் படித்து, தலைகீழ் எழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு. 'குறைகள் ஏதும் இல்லை' என்று எழுதியிருந்தார்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எங்க தெரு மேட்டுல தபால்காரனுக்கே வாங்குது டாக்டர்."

சிரித்தார். அதை எழுதவில்லை. பிறகு நான் கடையில் விற்கிற, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை'களில் எத்தனையை நானே தின்கிறேன் என்று விசாரித்தார். பெண்ணுக்கு இருக்கவேண்டிய எடையைப் பற்றி அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது அந்த மயிர் கீழே நழுவியது. ஆளுக்கொரு குறை என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

காருக்குள் உட்கார்ந்துகொண்டு, சொல்ல நினைத்ததையெல்லாம் ஸ்டீயரிங்கிடம் சொன்னேன். மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பதை. கனமாக எதையாவது தூக்கினால் நெஞ்சின் இடப் பக்கத்தை யாரோ முட்டியால் அழுத்துகிற மாதிரி இருப்பதை. சில நாள் மேட்டில் கண் இருட்டிக்கொண்டு வருவதை. அது நடுவில் பேசாமல் கேட்டது. குறிப்பு எழுதவில்லை, அவ்வளவுதான்.

நொரீன்


ஃப்ளிண்டர்ஸ் தீவு
30 மே 1994

நொரீன்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டாக்டரின் மயிரைப் பற்றிக் குறை. அவர் பெண்டாட்டி நாயைப் பற்றிக் குறை. பத்திரிகையைப் பற்றிக் குறை. என்னைப் பற்றிக் குறை, அது எப்போதும் உண்டு. உலகத்தில் உன் வாயால் நேரில் குறை கேட்காமல் தப்பித்த ஒரே ஆள் அந்த முல்காஹி. அவர் ஒருத்தருக்குத்தான் அதைக் கேட்பது உத்தியோகம்.

மூன்று தலையணை விஷயத்தை ஸ்டீயரிங்கிடம் சொன்னால் அது மருந்து தருமா?

என் கிடையில் ஒரு ஆடு மேய்ச்சலில் பாதியில் நின்றால் அதை நான் சோம்பேறி என்று விட்டுவிட மாட்டேன். புரட்டிப்போட்டுப் பார்ப்பேன். உன்னைப் புரட்டிப்போட ஆள் இல்லை. நீயே வாயைத் திற. குறை சொல்வது உனக்குத் தெரியாத வேலை இல்லை.

பெர்ஸ் உன்னை விசாரித்தார். மேபல் கடைசியில் சொன்னதை உனக்கு யார் சொன்னது என்று கேட்கிறார். இந்தத் தீவில் எனக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் செய்தி எப்படிப் போகிறது?

க்ளாரி


லான்செஸ்டன்
11 ஜூலை 1994

அன்புள்ள க்ளாரி,

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். பதறாதே. பதற மாட்டாய், இருந்தாலும் ஒரு மரியாதைக்குச் சொன்னேன்.

போன வாரம் கடையில் இறைச்சி 'பை'கள் நிறைந்த தட்டை அடுப்பிலிருந்து எடுத்துத் திரும்பினேன். அடுத்த நினைவு, தரையில் கிடக்கிறேன். என்மேல் தக்காளி சாஸ். தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு "ரத்தம், ரத்தம்" என்று கத்திக்கொண்டு வராந்தா முழுக்க ஓடியிருக்கிறாள். ஆம்புலன்ஸ்காரன் வந்து என் கழுத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வினிகர்" என்றான். என் வாழ்க்கையில் நடந்த ஒரே பரபரப்பான சம்பவம் மசாலா வாசனையோடு போய்விட்டது.

இங்கே இதய டாக்டர் ஒரு பெண். வாண்டா ஸ்மோலின்ஸ்கி. அவர் அப்பா போலந்திலிருந்து அணை கட்ட வந்தவராம். வந்து நின்று, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"குறை சொல்றதுக்கில்ல டாக்டர்." தரையில் விழுந்து எழுந்த பிறகும்.

அவர் எழுதவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கப்பாகிட்ட யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் குறை சொல்லுவாரு. முதுகு, பல்லு, அரசாங்கம், எல்லாம். உங்க தீவுக்காரங்க குறை சொல்றதுக்கில்லன்னாங்கன்னா நான் உடனே இசிஜி எடுக்கச் சொல்லிருவேன்."

"ஏன் டாக்டர்?"

"போன வருஷம் ஒருத்தர் அதையே சொல்லிட்டு, நான் ரத்தஅழுத்தம் பாக்குறதுக்குள்ள போயிட்டாரு."

அவர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். எனக்கும் காதில் மாட்டிவிட்டார். உள்ளே யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனது போல இடைவிடாத இரைச்சல். "முல்காஹிக்கு இது கேக்கலையா?" என்றேன். "அவரு வெச்சுப் பாத்தாரா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எடை எந்திரத்தில் ஏற்றியது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

இசிஜி கோணலாக இருக்கிறதாம். இதயத்தைப் படம்பிடிக்கிற எந்திரத்தில் பார்த்தால் ஒரு பக்கம் பெருத்திருக்கிறதாம், ஒரு வால்வுக் கதவு ஒழுகுகிறதாம். எதனால் என்று தெரியவில்லை. புதிதாக வந்ததா, பிறந்ததிலிருந்தே இருப்பதா என்று தெரிந்தால் நல்லது என்கிறார்.

"குழந்தையில எப்படி இருந்தீங்கன்னு சொல்ல யாரு இருக்காங்க?"

"அம்மா அப்பா இல்ல. எட்டு வயசு மூத்த அண்ணன் ஒருத்தன் இருக்கான். பேசமாட்டான்."

"யாருகிட்டயுமா, உங்ககிட்ட மட்டுமா?"

"என்கிட்ட மட்டும்."

"அப்ப எனக்குப் பிரச்சினையில்ல. நம்பரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதே. அவர் நாயோடும் பேசிவிடக்கூடிய ஆள்.

நொரீன்


ஃப்ளிண்டர்ஸ் தீவு
22 ஆகஸ்ட் 1994

நொரீன்,

உன் டாக்டர் கூப்பிட்டார். நேரம் பார்த்துக் கூப்பிட்டார். குட்டி போட முடியாமல் கிடந்த ஒரு ஆட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். மணி நிற்காமல் அடித்தது. அப்படியே ஓடினேன். ரிசீவர் பாழானதற்கு நீதான் காரணம்.

"உங்க தங்கச்சி குழந்தையில எப்படி இருந்தாங்க?" என்றார்.

"தொல்லை" என்றேன்.

"எப்படித் தொல்லை?"

"பாலு குடிக்கமாட்டா. ரெண்டு வாய் உறிஞ்சுவா, உடனே விறகு வெட்டுனவ மாதிரி வேர்த்துக் கொட்டும். சாம்பல் கலராயிருவா. அப்புறம் வீடு இடியக் கத்துவா. அம்மா வயித்துவலின்னாங்க. நான் நடிப்புன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அது நின்னுபோச்சு. ஆனா ஓடமாட்டா. மட்டன் பறவைப் பருவத்துல எல்லாரும் மணல் பொந்துல அந்தக் கடல் பறவைக் குஞ்சப் புடிச்சுக் கம்புல கோத்துத் தூக்கிட்டு வருவோம். இவ பாதி மணல்மேட்டுல கம்பப் போட்டுட்டுப் புல்லுல உக்காந்துருவா. அவ கம்பையும் நான்தான் சொமக்கணும்."

"உக்காரும்போது கைய எங்க வெச்சுக்குவாங்க?"

இந்தக் கேள்விக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "நெஞ்சுல. இடது பக்கம். நாடகத்துல வர்ற ராணி மாதிரி."

"அப்புறம்?"

நொரீன், உன்னைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மனுஷர்கள் எழுந்து போய்விடுவார்கள். என் பெண்டாட்டி இருந்தவரை அவளும் அப்படித்தான். 'அப்புறம்?' என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் இந்த டாக்டர். நானும் விடவில்லை. பள்ளிக்கூடப் பந்தயத்தில் பாதியில் நின்றதைச் சொன்னேன். உன் கல்யாணத்தில் ஒரு பாட்டுக்கு மேல் ஆடாமல் உட்கார்ந்ததைச் சொன்னேன். வேலி போட வந்து வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு எனக்கு யோசனை சொன்னதைச் சொன்னேன். அவர் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் பெட்டியைச் சொன்னேன்.

"பெட்டிய விட்டப்ப அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"சாம்பல் கலர்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே கேட்டது. குழந்தைக்குச் சொன்ன அதே வார்த்தை. வெளியே ஆடு கத்திக்கொண்டிருந்தது.

பிறகு அவர், "ரொம்ப நன்றி சார். உங்க தங்கச்சியப் பத்தி இவ்வளவு குறையை யாருமே எனக்குத் தரல. அவங்களையும் சேர்த்து" என்றார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

"போதும். எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு" என்றார்.

என்ன கிடைத்தது என்று சொல்லாமல் வைத்துவிட்டார். என்னவென்று எழுது. உடனே எழுது. தபால்காரன் கதையெல்லாம் வேண்டாம்.

ஆடு பிழைத்தது. குட்டி இரண்டு.

க்ளாரி


லான்செஸ்டன்
20 செப்டம்பர் 1994

அன்புள்ள க்ளாரி,

தபால்காரன் கதை வேண்டாம் என்றாய். சரி.

வாண்டா என்னை மெல்பர்னுக்கு அனுப்பினார். அங்கே தொடையிடுக்கில் ஒரு நூல் மாதிரிக் குழாயை நுழைத்து இதயம் வரை தள்ளினார்கள். மருந்துத் தண்ணீரைப் பாய்ச்சினால் ரத்தக்குழாய்கள் திரையில் தெரியும். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தள்ளியவர் ஒரு வயசாளி. வலது பக்கம் பாய்ச்சினார். "ஆத்தாடி, எவ்வளவு பெருசு" என்றார். எடையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இடது பக்கக் குழாயின் வாயைத் தேடினார். தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"இடது பக்கத்தக் காணோமே."

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் நர்ஸ்.

"எங்கம்மா பாக்குறது? வாயே இல்ல."

"வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன் போல" என்றேன் நான். இந்த ஜோக்குக்குச் சிரித்தார்கள். ஆனால் அவர் உடனே வெளியே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் கூட்டம் சேர்த்தால் நமக்கு நல்லதில்லை.

விஷயம் இதுதான். இதயத்திலிருந்து நல்ல ரத்தம் புறப்படுகிற பெரிய குழாயிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்து இதயத்துக்கே ரத்தம் ஊட்ட வேண்டும். எனக்கு வலது கிளை சரியாக முளைத்திருக்கிறது. இடது கிளை, பக்கத்தில் நுரையீரலுக்குப் போகிற குழாயில் போய் ஒட்டிக்கொண்டு பிறந்துவிட்டது. அந்தக் குழாயில் இருப்பது அழுக்கு ரத்தம், அழுத்தமும் கிடையாது. ஆகவே வலது கிளையே இரண்டு பக்கத்துக்கும் ஊட்டிப் பெருத்துக் கிடக்கிறது. இடது கிளை வாங்கிக்கொண்டதில் பாதியைப் பின்வழியாகத் தப்பான குழாயில் விட்டுவிடுகிறது. இரைச்சல் அதுதான். உன் மேய்ச்சல் காட்டில் ஒரு குழாய் தொட்டிக்குப் பதிலாகச் சாக்கடையில் சேர்ந்திருந்தால் எப்படி, அப்படி.

ஒருவன் இரண்டு பேர் கம்பையும் சுமந்து பெருத்துப்போனான், இன்னொருத்தி தப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஒழுகவிட்டாள். இதைப் படித்ததும் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே சொல்லிவிட்டேன்.

இப்படிப் பிறக்கிற குழந்தைகள் மிகச் சொற்பம். அவற்றிலும் பெரும்பாலானவை ஒரு வயசு தாண்டாதாம். பால் குடிப்பதே அவற்றுக்கு மலை ஏறுவது மாதிரி. வேர்க்கும், சாம்பலாகும், கத்தும். நீ சொன்னதைக் கேட்டவுடனே வாண்டாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். என் வயசு வரை வந்தவர்களை அவர் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார். மெல்பர்னில் மாணவர்கள் வரிசையாக வந்து என் நெஞ்சைக் கேட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணத்தில்கூட இவ்வளவு பேர் வரவில்லை.

நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யாவிட்டால்? "எந்த நாள்ல வேணும்னாலும் நின்னு போகலாம். மேட்டுலயும் போகலாம், தூக்கத்துலயும் போகலாம்" என்றார் வாண்டா.

நான் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். இத்தனை வருஷம் ஓடியது இன்னும் கொஞ்சம் ஓடாதா? தெருவை மாற்றிக்கொண்டால் போதும். சமதரையில் ஒரு வீடு. மற்றபடி குறை சொல்வதற்கில்லை.

நொரீன்


ஃப்ளிண்டர்ஸ் தீவு
27 செப்டம்பர் 1994

நொரீன்,

கடைசி வரியைப் படித்தேன்.

அந்த வார்த்தையை என் வீட்டுக்கு எழுதாதே. மேபல் அதைச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். பெர்ஸ் இன்னமும் அந்தப் பைலட் வேறு ஏதாவது கேட்டிருக்கலாம் என்கிறார்.

உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. மூன்று வார்த்தை. நீ தபால்காரனுக்கே மூன்று பக்கம் செலவழிக்கிறவள்.

சாக்கடையில் சேர்ந்த குழாய் என்றாய். கிழக்கு மேய்ச்சலில் எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. அப்பா காலத்துத் தப்பு. நான் என்ன செய்தேன், மேய்ச்சல் காட்டை மாற்றினேனா? தோண்டி எடுத்துத் தொட்டியில் சேர்த்தேன்.

உன்மேல் கோபப்பட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. டாக்டர் என்னை முடிக்க விடவில்லை. நீ போய்விட்டால் நான் அதையெல்லாம் யாரிடம் கொண்டுபோய்ப் படுவது? பிஸ்கட் நல்ல நாய். திருப்பிப் பேசாது.

உன் டாக்டரை நான் கூப்பிட்டேன். ஆம், நானே. நீ வேண்டாம் என்று சொன்னால் அது நீ பேசுவதில்லை, தீவு பேசுகிறது, எழுதிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

க்ளாரி


லான்செஸ்டன்
4 அக்டோபர் 1994

க்ளாரி,

பயமாக இருக்கிறது.

இரண்டு வார்த்தைதான் வந்தது, எண்ணிக்கொள். கணக்கில் நீ எப்போதும் மோசம்.

பதினெட்டாம் தேதி மெல்பர்னில்.

நொரீன்


மெல்பர்ன்
2 நவம்பர் 1994

அன்புள்ள க்ளாரி,

படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். குறைகள் பின்வருமாறு, எழுதிக்கொள்.

நெஞ்சு எலும்பை அறுத்துக் கம்பியால் தைத்திருக்கிறார்கள். இருமினால் மேலுலகம் தெரிகிறது. தும்மல் வந்தால் ஆண்டவனைக் கூப்பிடுகிறேன், நம்பிக்கை இல்லாதவள். தேநீர், பாத்திரம் கழுவின தண்ணீர். பக்கத்துப் படுக்கைக்காரி குறட்டை விடுகிறாள். பகலில் பேசுகிறாள், அதற்குக் குறட்டை தேவலை. காலையில் இங்கே ரத்தம் எடுக்க வருகிற பெண்ணுக்குக் கை பனிக்கட்டி. முட்டை ரப்பர். உன் பூங்கொத்து வந்தது. அதில் பாதி, வேலியோரத்துக் களை. தீவிலிருந்து யாரிடம் கொடுத்தனுப்பினாய் என்று கேட்டால் நர்ஸ் சிரிக்கிறாள். "தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் வந்தார். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுப்பட்டுமான்னேன், வேண்டாம், ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்னு போயிட்டார்" என்கிறாள். மெல்பர்னிலிருந்து ஆட்டுக்குத் தண்ணீர். இது என் பெரிய குறை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன்.

தப்பான வாயைக் கட்டிவிட்டு, நெஞ்சுச் சுவரிலிருந்து ஒரு குழாயை இறக்கி இடது பக்கத்தோடு இணைத்திருக்கிறார்கள். வாண்டா போனில் கேட்டார், "எப்படி இருக்கீங்க?"

"உக்காருங்க டாக்டர், நேரமாகும்" என்றேன்.

இரைச்சல் இல்லை க்ளாரி. நான் அதை இரைச்சல் என்றே அறியவில்லை. இப்போது உள்ளே அமைதியாக இருக்கிறது, விருந்தாளிகள் போன வீடு மாதிரி.

நொரீன்


ஃப்ளிண்டர்ஸ் தீவு
6 பிப்ரவரி 1995

நொரீன்,

உன் தெரு மேட்டை நிற்காமல் ஏறினதாக எழுதியிருந்தாய். தபால்காரன் பின்னால் வந்தான் என்றும். நம்புகிறேன்.

பெர்ஸ் பாப்ஜாய் படுத்துவிட்டார். வருகிற குளிர்காலம் தாண்டாது என்று நர்ஸ் சொல்கிறாள். அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. மேபலுக்குப் பக்கத்தில் இடம் தயார். கிரிக்கெட் அணி பொறுக்குகிற மாதிரி, தன் பெட்டியைத் தூக்க ஆள் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார். ஐந்து பேர் சொன்னார். ஆறாவது யார் என்று கேட்டேன்.

"மேபலோட கல்லுல உக்காந்தாளே, அவ" என்றார்.

"அவ பாதியில விட்டுருவா பெர்ஸ்."

"விடட்டுமே. எனக்கென்ன அவசரம்?"

உன் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். ஏப்ரலுக்கு மேல் தூக்கலாம் என்கிறார். பெர்ஸிடமும் சொன்னேன். அது வரைக்கும் இருக்கப் பார்க்கிறேன் என்றார்.

நான் உனக்கு எதிர்ப் பக்கம் பிடிக்கிறேன். பாதி மேட்டில் கனமாக இருந்தால் சொல். ஜோக் வேண்டாம். ஒரு வார்த்தை போதும். எல்லோருமாக இறக்கி வைப்போம். அந்தப் புல்லில் கொஞ்ச நேரம் நானும் உட்காருகிறேன்.

க்ளாரி


லான்செஸ்டன்
13 பிப்ரவரி 1995

அன்புள்ள க்ளாரி,

பெர்ஸ் கனமான மனுஷர். இப்போதே சொல்லிவிட்டேன்.

நொரீன்